தூசு

நான்கு பெட்டிகள். கப்பல் யோகொஹாமாவிலிருந்து.
பட்டியலில் ஒரு வரி:
"றப்பர் மிருகம், ஒன்று. வால் தனி."
சுங்க அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
விளையாட்டுப் பொருளா, உடுப்பா?
மிருகமென்றால் தொற்றுத்தடைக்கு அனுப்ப வேண்டுமே?
"எங்கட றப்பர்தான் சேர், சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது" என்றேன்.
சிரித்தார். முத்திரை குத்தினார்.
அறுபத்துமூன்றில் அப்படியும் ஒரு சிரிப்பு இருந்தது.

மோதரையில் தும்புக் களஞ்சியமொன்றை வாடகைக்கு எடுத்து
கொழும்பை இடுப்பளவுக்குக் கட்டினார்கள்.
மணிக்கூட்டுக் கோபுரம் மட்டும் என் நெஞ்சுக்கு வந்தது.
கோட்டையிலிருந்து புறக்கோட்டைக்கு ஆறு எட்டு,
ட்ரொலி பஸ்ஸின் நூல்கம்பியில்
கால் தடக்காவிட்டால்.

மிருகத்துக்குள் இருந்தவர் குராமொச்சி.
நாலு நிமிடத்துக்கு மேல் போனால் மயங்கிவிடுவார்.
முதுகுச் சிப்பைத் திறந்து, ஒரு காலைச் சாய்த்துப் பிடித்தால்
வியர்வை செம்பு நிறைய ஊற்றும்.
தம்பிலி வெட்டிக் கொடுப்போம்.
மூன்றை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு
மறுபடியும் மிருகமாவார்.

உறுமல், துறைமுகத்துப் பதினொன்றாம் இலக்கக் கிரேனுடையது.
மூன்று நாளைக்குக் கப்பிக்குக் கிரீஸ் போடாதே என்று
ஒலிப்பதிவாளர் மெத்தியஸைக் கெஞ்சினார், சைகையில்.
நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டியபோது
துறைமுகமே பசியில் அழுவது போலிருந்தது.
கிரீஸ் போடாததற்கு மெத்தியஸுக்கு இரண்டு ரூபாய் அபராதம்.
டைட்டிலில் அவன் பெயர் இல்லை.

கடைப்பலகைகளுக்குத் தமிழ் எழுத ஆள் தேடினார்கள்.
மாதிரி நகரத்துக்குப் பொறுப்பானவர் ஹத்சுயே நிஷிகாகி,
எப்போதும் வாயில் இரண்டு குண்டூசி.
தீப்பெட்டி நீளத்தில் ஒரு பலகை நீட்டினார்.
ஒற்றை மயிர்த் தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு,
கெய்சர் தெருவில் எங்கள் அப்பாவின் கடையை எழுதினேன்:
திருச்சிற்றம்பலம் ஸ்டோர்ஸ்.
ஏழு புள்ளிகள்.
அவர் வாங்கிப் பார்த்தார். முகம் சுளித்தார்.
தூசு என்று நினைத்து
ஈரம் காயுமுன் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டார், ஒவ்வொன்றாக,
அவ்வளவு கவனமாக.
எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது.
தலையை ஆட்டினேன்.

எரிவதுதான் கஷ்டமாக இருந்தது.
கடற்காற்றில் அட்டை ஊறிப் போயிருந்தது.
முதல் டேக், புகை.
இரண்டாவது, தபால் கந்தோரில் மட்டும் சின்னதாய் ஒரு நாக்கு.
மண்ணெண்ணெய் மணத்தில் இரவு முழுக்க விசிறினோம்.
கமரா வேகமாக ஓடினால்
திரையில் நெருப்பு மெதுவாகி, பெரிதாகும் என்றார்கள்.
சின்னத் தீக்கு அப்படியொரு உபாயம் தேவைப்பட்டது.
விடியப்புறம் மூன்றாவது டேக்கில் பிடித்தது.
கை தட்டினோம். நானும்தான்.

படம் இங்கே வந்த அன்று
அப்பா வாழ்நாளில் முதல் தடவை மத்தியானம் கடையைப் பூட்டி
நாலு சிப்பந்திகளோடு மட்டினி பார்த்தார்.
பலகை தெரிந்தது. கால் இறங்கியது.
தியேட்டர் அலறுகையில் அவர் எழுந்து நின்று கத்தினார்:
"டேய், புள்ளி எங்கேயடா?"

இருபது வருடம் கழித்து, ஜூலையில், ஒரு திங்கட்கிழமை.
அதற்கு முதல் டேக்கே போதுமாக இருந்தது.
தும்பு, அட்டை, விசிறி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.
யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று
அவர்கள் கையிலும் ஒரு பட்டியல்.
கடையின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நேற்று ஒசாக்காவிலிருந்து ஒரு டிஸ்க் வந்தது,
பழுது பார்த்துக் கழுவிய பிரதி.
வெள்ளவத்தை மாடிவீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டு
எண்ணிப் பார்த்தேன்.
கடை நிற்பது நாற்பத்தொரு பிரேம்.
நாற்பதில் நிறுத்தினேன்.
பாதத்தின் நிழல் கதவு வரைக்கும் வந்திருந்தது.

பலகையின் கடைசி ஸ் தலையில்
கறுப்பாய் ஏதோ ஒன்று.
அவர் பஞ்சுக்குத் தப்பியதாக இருக்கலாம்.
என் டிவியின் தூசாகவும் இருக்கலாம்.

ஊதிப் பார்க்கவில்லை.